வீரம் என்றொரு சாக்கு

சென்ற மாதம் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் நான் பேசியது சிலருக்குப் பிடிக்கவில்லை. தீயணைப்பு வீரர்களை நான் கொச்சைப்படுத்திவிட்டேனாம். இரண்டு பேர் கடிதமே எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர், "கதை எழுதுகிறவர்களுக்குத் தியாகத்தின் அருமை தெரியாது" என்று முடித்திருக்கிறார். கதை எழுதுகிறவனுக்குத் தியாகத்தின் அருமை தெரியாவிட்டால் அவன் வயிறு எப்படி நிறையும்? எங்கள் கடையில் அதிகம் விலைபோகிற சரக்கே அதுதானே!

நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு நகரம் தன் தீயணைப்புப் படையை ஓயாமல் போற்றிப் பாட ஆரம்பித்தால், அந்தப் படைக்கு எதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறது என்று கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டும். மாலை மலிவான சாமான். ஏணி விலை அதிகம். மாலையைப் போட்டுவிட்டு ஏணியை மறந்துபோகிற வழக்கம் சர்க்கார்களுக்கு உண்டு. அந்த மாலையைப் பார்த்துக் கண் கலங்குகிற நம்மைப் போன்றவர்கள்தாம் அதற்கு உடந்தை. இதைத்தான் அன்று சொன்னேன். இன்றும் சொல்கிறேன், இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாட்சிக்கு நியூயார்க் நகரத்தைக் கூப்பிடுகிறேன். தன் தீயணைப்புக்காரர்களை அந்த நகரம் கொண்டாடுவதுபோல் இன்னொரு நகரம் கொண்டாடுமா என்பது சந்தேகம். சிலை உண்டு, ஊர்வலம் உண்டு, சினிமா உண்டு. படையின் பெயரை எழுதிய பனியனைத் தெருவில் போகிறவனெல்லாம் போட்டுக்கொள்கிறான். அப்படிப்பட்ட ஊரின் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம். அன்பே இல்லாத ஊரைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் என்ன சாமர்த்தியம்?

கதை 1648-ல் ஆரம்பிக்கிறது. அப்போது அது நியூயார்க் அல்ல. டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். கவர்னர் பீட்டர் ஸ்டைவஸன்ட் ஒரு காலை இழந்தவர், மரக்கால் கட்டிக்கொண்டு நடந்தவர், முன்கோபி. அவர் செய்த காரியங்களில் ஒன்று நாலு பேரைத் தீக் கண்காணிப்பாளர்களாக நியமித்தது. அவர்களுக்கு வேலை தீயை அணைப்பதல்ல. வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கியைப் பார்ப்பது. கரி அடைத்துக் கிடந்தால் அபராதம் போடுவது. மரத்தால் புகைபோக்கி கட்டுவதைத் தடுப்பது. அபராதப் பணத்தில் வாளியும் ஏணியும் கொக்கியும் வாங்குவது என்று ஏற்பாடு. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நகரத்தின் தீயணைப்புச் சரித்திரத்தில் முதலில் வந்து நிற்கிறவன் இன்ஸ்பெக்டர். வீரன் பிறகுதான் வருகிறான்.

இன்ஸ்பெக்டரை யாருக்குப் பிடிக்கும்? அவனைப் பற்றி யார் பாட்டுக் கட்டுவார்கள்? அவன் சரியாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை வைத்து நானும்கூட ஒரு சிறுகதை எழுத முடியாது. நாவலில் மூன்றாவது பாகத்தில் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டால் எத்தனை சிக்கல் தீர்கிறது என்பது எங்கள் தொழில் ரகசியம்.

1731-ல் லண்டனிலிருந்து இரண்டு கைப்பம்பு என்ஜின்கள் கப்பலில் வந்தன. 1737-ல் சட்டம் போட்டுத் தொண்டர் படை அமைத்தார்கள். சம்பளம் கிடையாது. ஜூரியாக உட்கார வேண்டாம், பட்டாளத்தில் சேர வேண்டாம் என்று சில சலுகைகள் மட்டும். தச்சனும் கொல்லனும் கடைக்காரனும் மணி அடித்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். உண்மையிலேயே அழகான காலம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அழகு நூறு வருஷத்தில் திரிந்துபோயிற்று. கம்பெனி என்பது சங்கமாயிற்று, சங்கம் கோஷ்டியாயிற்று. முதலில் போய்ச் சேரும் கம்பெனிக்குத்தான் பெருமை என்பதால், தெருவில் இருக்கும் தண்ணீர்க் குழாயின்மேல் பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் ஓர் ஆளை உட்கார வைத்துவிடுவார்களாம், எதிர்க் கம்பெனிக்காரன் தண்ணீர் எடுக்காதபடி. வீடு ஒரு பக்கம் எரியும். வீரர்கள் மறுபக்கம் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். 'அமெரிக்கஸ்' என்ற 6-ஆம் நம்பர் என்ஜின் கம்பெனியின் தலைவனாக இருந்த வில்லியம் ட்வீட் என்பவன்தான் பிற்பாடு நகரத்தின் கஜானாவையே சுரண்டிய ட்வீட். தீயணைப்புத் தோழர்களின் தோளில் ஏறித்தான் அரசியலுக்கு வந்தான். அந்தக் கம்பெனியின் சின்னமான புலியைத்தான், பிறகு அவன் கட்சியின் முத்திரையாகக் கேலிச்சித்திரக்காரன் வரைந்தான்.

1835 டிசம்பரில் வந்த பெருந்தீ வீரத்தின் எல்லையைக் காட்டிற்று. ஆறு உறைந்து கிடந்தது. பனியை வெட்டித் தண்ணீர் எடுத்தால் குழாயிலேயே உறைந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. எத்தனை தைரியசாலி இருந்து என்ன, தண்ணீர் இல்லையே! 1842-ல் குரோட்டன் வாய்க்கால் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த வாய்க்காலைத்தான் அந்நூற்றாண்டின் பெரிய தீயணைப்பு வீரன் என்பேன்.

1865-ல் தொண்டர் படையைக் கலைத்துச் சம்பளப் படை அமைத்தார்கள். எத்தனை எதிர்ப்பு! 'காசுக்காக எவனாவது உயிரைக் கொடுப்பானா?' என்று கேட்டார்கள். கொடுத்தார்கள். நீராவி என்ஜினும் குதிரைகளும் வந்தன. ஆள் இரவும் பகலும் நிலையத்திலேயே கிடக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வரக் கொஞ்ச நேரம், மாதத்தில் சொற்பமான லீவு, அவ்வளவுதான். மனைவியும் குழந்தைகளும் அவனை விருந்தாளியைப்போல் பார்த்தார்கள். அந்தக் கொடுமையை மாற்றி இரண்டு ஷிப்டு கொண்டுவர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. வீரனுக்குத் தூக்கம் எதற்கு என்று நினைத்தார்கள் போலும்.

படையின் அமைப்பைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. தலைமையில் மேயர் நியமிக்கும் கமிஷனர். அவர் சீருடை அணியாதவர். சீருடைக்காரர்களுக்குத் தலைவர் வேறு. ஐந்து வட்டாரங்களிலும் சேர்ந்து இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள்; 10,000க்கு மேற்பட்ட ஆட்கள். பல கம்பெனிகள் சேர்ந்தது ஒரு பட்டாலியன். பல பட்டாலியன் சேர்ந்தது ஒரு டிவிஷன். கம்பெனியில்தான் விஷயம் இருக்கிறது. என்ஜின் கம்பெனி என்றால் தண்ணீர். குழாயை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது அவர்கள் வேலை. ஏணிக் கம்பெனி என்றால் கதவை உடைப்பது, கூரையைப் பிளந்து புகையை வெளியேற்றுவது, உள்ளே கிடக்கும் மனிதனைத் தேடுவது. இவர்கள் கையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தண்ணீர் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் தண்ணீர் இல்லாமலே தீக்குள் போகிறவர்கள். ஆகவே, ஒரு நிலையத்தில் என்ஜினை எடுத்துவிட்டு "ஏணி இருக்கிறதே!" என்று ஆபீஸில் ஒருவர் சமாதானம் சொன்னால், அதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஓர் என்ஜினில் நாலு பேரா, ஐந்து பேரா என்று அங்கே வருஷக்கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. வெளியே நிற்பவனுக்கு அது ஒரு சம்பளத்தின் பிரச்னை. ஆறாவது மாடிக்குத் தண்ணீர் நிறைந்த குழாயை வளைத்து வளைத்து இழுப்பவனுக்கு அது மூச்சின் பிரச்னை.

இப்போது 1911-க்கு வருவோம். மார்ச் 25, சனிக்கிழமை மாலை. மன்ஹாட்டனில் ஆஷ் கட்டடம், பத்து மாடி. மேலே மூன்று மாடிகளில் டிரயாங்கிள் என்ற பெண்கள் சட்டை தைக்கும் தொழிற்சாலை. தையல் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஏழை யூதப் பெண்கள், இத்தாலியப் பெண்கள். பதினாறு வயது, பதினெட்டு வயது. வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் எட்டாவது மாடியில் துணித் துண்டுகளில் தீப்பற்றியது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. ஏன்? போகும்போது பெண்கள் சட்டை திருடிப் போகிறார்களா என்று பையைச் சோதிப்பதற்கு ஒரே வழியாய் அவர்களை விட வேண்டும் அல்லவா? பின்பக்கத்து இரும்புப் படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. லிப்டு ஓட்டியவர்கள் முடிந்தமட்டும் ஏற்றி இறக்கினார்கள். அவர்களால் பிழைத்தவர்கள் பலர்.

தீயணைப்புப் படை தாமதமாகவா வந்தது? இல்லை. சில நிமிஷங்களில் வந்துவிட்டது. நீராவி என்ஜின் வந்தது, குழாய் வந்தது, ஏணி வந்தது. அந்த ஏணியை முழுக்க நீட்டினார்கள். ஆறாவது மாடி வரைக்கும் போயிற்று. தீ எட்டிலும் ஒன்பதிலும் பத்திலும். ஜன்னல் விளிம்பில் நின்ற பெண்கள் ஏணியைப் பார்த்தார்கள். பிறகு குதித்தார்கள். கீழே வலை விரித்தார்கள். அந்த உயரத்திலிருந்து விழும் வேகத்தில் வலை கிழிந்தது. 146 பேர் செத்தார்கள். தீயை அரைமணியில் அடக்கிவிட்டார்கள்.

படையின் தலைவர் எட்வர்ட் குரோக்கர். அந்த நகர அரசியலை ஆட்டிவைத்த ஒரு பெரும்புள்ளியின் அண்ணன் தம்பி முறையில் வந்த பிள்ளை. அதனால் மேலே வந்தார் என்று பேச்சு உண்டு. இருக்கட்டும். ஆனால் அந்த மனிதர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஊரான நியூவார்க்கில் ஒரு தொழிற்சாலை எரிந்து பெண்கள் செத்தபோது, 'இது நம் ஊரிலும் எந்த நாளிலும் நடக்கலாம்' என்ற கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி அப்போதே உண்டு. ஆஷ் கட்டடத்தில் அது இல்லை. தீ நடந்த சில வாரங்களில் குரோக்கர் வேலையை ராஜினாமா செய்தார். தீ வராமல் தடுக்கும் தொழிலில் இறங்கினார். பன்னிரண்டு வருஷம் நகரத்தின் முதல் வீரனாக இருந்தவர், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டைவஸன்டின் புகைபோக்கி இன்ஸ்பெக்டர் வேலைக்குத் திரும்பிப் போனார் என்றே நான் இதைப் படிக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிய நண்பர், வீரர்களைக் கொச்சைப்படுத்தியவர்கள் பட்டியலில் இவரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

முதலாளிகள் இருவர் மேலும் வழக்குப் போட்டார்கள். கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாமல், அதே வருஷம் டிசம்பரில் விடுதலை. 1914-ல் சிவில் வழக்கில் உயிருக்கு 75 டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். இன்ஷூரன்ஸில் நஷ்டத்துக்கு மேல் சுமார் 60,000 டாலர் வாங்கியிருந்தார்கள். இடையில் 1913-ல், அதே முதலாளிகளில் ஒருவர் தம் புதுத் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காகப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். நான் நாவலில் இப்படி எழுதினால் 'மிகைப்படுத்துகிறான்' என்று விமரிசகர்கள் கிழித்துவிடுவார்கள்.

ஆனால் அன்று ஜனங்கள் மாலையோடு நிற்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தன் ஆகமாட்டேன். லட்சக்கணக்கில் மழையில் ஊர்வலம் போனார்கள். ஆல் ஸ்மித், ராபர்ட் வாக்னர் என்ற இருவர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. தீத் தடுப்புக்கென்று தனி இலாகா 1911-லேயே வந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டக் கூடாது, ஒத்திகை நடத்த வேண்டும் என்றெல்லாம் சட்டங்கள் வந்தன. அந்தப் பெண்கள் குதித்ததைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த பிரான்ஸிஸ் பெர்கின்ஸ் என்ற அம்மாள் 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் மந்திரியானார். எத்தனையோ உயிர்கள் அந்தச் சட்டங்களால் பிழைத்திருக்கின்றன. யார் யார் என்று யாருக்கும் தெரியாது, பிழைத்தவர்களுக்கே தெரியாது.

அறுபது வருஷம் தள்ளி வாருங்கள். பிராங்க்ஸ் வட்டாரத்தின் தென்பகுதியில் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கர்களும் நெருக்கமாக வாழ்ந்த ஏழைத் தெருக்கள். அங்கே தீ அன்றாட சமாசாரமாகிவிட்டது. பழைய மின்கம்பி, இடிந்த வீடு, இன்ஷூரன்ஸுக்காகத் தானே கொளுத்தும் சொந்தக்காரன், எல்லாம் உண்டு. அங்கே வேலை செய்த டென்னிஸ் ஸ்மித் என்ற தீயணைப்புக்காரர் தம் 82-ஆம் நம்பர் என்ஜின் கம்பெனியைப் பற்றி 1972-ல் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ஊரே அதைப் படித்து வீரர்களை மெச்சிற்று. படித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் நகரசபை அந்தத் தெருக்களில் தீயணைப்புக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது!

மேயர் ஜான் லின்ட்ஸேயின் காலத்தில் ராண்ட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தைக் கூட்டிவந்தார்கள். யுத்தத்துக்குக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். கம்ப்யூட்டரை வைத்து, எந்த நிலையத்தை மூடினால் அதிக நஷ்டம் வராது என்று கணக்குப் போட்டார்கள். வண்டி போய்ச்சேர எத்தனை நிமிஷம் என்பதையே பெரும்பாலும் அளவுகோலாக வைத்தார்கள். ஏழைத் தெருக்களில் நிலையங்கள் நெருக்கமாக இருந்தன. ஏனென்றால் அங்கேதான் தீ அதிகம். கணக்கு என்ன சொல்லிற்று? 'ஒன்றை மூடினாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே' என்றது. பக்கத்து நிலையத்து வண்டி எப்போதும் வேறொரு தீக்குப் போயிருக்கும் என்பது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த தெருவில் கிணறு இருக்கிறது என்று நம் கிணற்றைத் தூர்ப்பதுபோல. அடுத்த தெருக் கிணற்றில் விடிய விடிய வாளி ஓய்வதில்லை என்பதை யார் பார்த்தார்கள்? எனக்குக் கணக்கு வராது. இன்டர்மீடியட்டோடு அந்த வம்பை விட்டவன் நான். ஆனால் இது கணக்குப் படித்தவர்களின் தவறு, கணக்கின் தவறல்ல என்பது எனக்குக்கூடப் புரிகிறது.

1975-ல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்ததும் ஆட்களையே நீக்கினார்கள். 1976-ல் வீட்டுவசதி அதிகாரி ரோஜர் ஸ்டார், ஏழை வட்டாரங்களிலிருந்து நகரம் தன் சேவைகளைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே யோசனை சொன்னார். 1970-க்கும் 1980-க்கும் நடுவில், பிராங்க்ஸில் ஏழு ஜனக்கணக்கு வட்டங்கள், தீயாலும் கைவிடப்பட்டதாலும், 97 சதவிகிதத்துக்கு மேல் கட்டடங்களை இழந்தன. எல்லாத் தீக்கும் மூடிய நிலையங்கள்தாம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எரிகிற ஊரில் என்ஜினைக் குறைத்தவனை என்னவென்று சொல்வது? அதற்கு வார்த்தையை வாசகர்களே தேடிக்கொள்ளலாம்.

புரூக்லினில் ஒரு கூட்டம் வேறுவிதமாக நடந்துகொண்டது. அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. வடக்குப் பகுதியில் போலந்துக்காரர்கள் அதிகம் வாழ்ந்த தெருக்கள், தொழிலாளிக் குடும்பங்கள், மரவீடுகள். 1975 நவம்பரில் அங்கே 212-ஆம் நம்பர் என்ஜின் கம்பெனியை மூட உத்தரவு வந்தது. ஜனங்கள் நிலையத்துக்குள் புகுந்தார்கள். என்ஜினை வெளியே போகவிடவில்லை. மாதக்கணக்கில் முறை வைத்து அங்கேயே குடியிருந்தார்கள். சமைத்தார்கள், படுத்தார்கள், 'மக்கள் தீயணைப்பு நிலையம்' என்று பெயரும் வைத்தார்கள். கடைசியில் நகரசபை இறங்கிவந்து கம்பெனியைத் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் யாருக்கும் மாலை போடவில்லை. "எங்கள் வண்டியைக் கொடு" என்று கேட்டார்கள். தீயணைப்புக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

இனி 2001 செப்டம்பர் 11. இதைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. அன்று அந்தப் படையில் செத்தவர்கள் 343 பேர். ஜனங்கள் இறங்கி வந்துகொண்டிருந்த படிகளில் இவர்கள் ஏறிப் போனார்கள். 1993-ல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தபோதே, உள்ளே இருப்பவர்களுக்கு வானொலிப் பேச்சு சரியாக எட்டவில்லை என்று தெரிந்திருந்தது. எட்டு வருஷம் கழித்தும், 'வெளியே வா' என்ற உத்தரவு பலர் காதில் விழவில்லை. அதன் பிறகு உலகமே அழுதது, நானும்தான். அழுத கண் காய்வதற்குள், 2003 மே மாதத்தில், மேயர் ப்ளூம்பெர்க்கின் நிர்வாகம் செலவைக் குறைக்க ஆறு என்ஜின் கம்பெனிகளை மூடியது. அந்த ஆறில் ஒன்று எது தெரியுமா? புரூக்லின் ஜனங்கள் குடியிருந்து காப்பாற்றிய 212.

இடிந்த இடத்தின் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நோய் வந்தது. அவர்கள் வைத்தியத்துக்கென்று அமெரிக்கப் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறி, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது 2011 ஜனவரியில். ஒன்பது வருஷத்துக்கு மேல். வீரர்களே வாஷிங்டனுக்குப் போய், தாழ்வாரங்களில் காத்திருந்து கேட்க வேண்டியிருந்தது. 2023-ல் அந்த நோயால் செத்த படையினரின் எண்ணிக்கை, அன்று ஒரே நாளில் செத்தவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாயிற்று. ஒவ்வொரு செப்டம்பரிலும் மணி அடித்து மௌனம் அனுஷ்டித்தார்கள். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை அல்லவா?

"நடந்ததெல்லாம் பழைய கதை, இப்போது அப்படி இல்லை" என்பார்கள். 2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை. பிராங்க்ஸில் பத்தொன்பது மாடிக் குடியிருப்பு. குடியிருந்தவர்கள் ஏழைகள், காம்பியா நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். குளிருக்காக வைத்திருந்த மின்சார அடுப்பு ஒன்று பழுதாகித் தீப்பற்றியது. அந்த வீட்டார் தப்பி ஓடினார்கள். கதவு தானாக மூடிக்கொண்டிருக்க வேண்டும். நகரத்தில் சட்டமே அப்படித்தான். அது மூடவில்லை. மேலே படிக்கட்டில் இன்னொரு கதவும் மூடவில்லை. தீ அந்த வீட்டையும் அதன் முன்நடையையும் தாண்டவில்லை. புகை எல்லா மாடிக்கும் ஏறிற்று. செத்தவர்கள் 17 பேர், அதில் 8 பேர் குழந்தைகள், எல்லோரும் புகையில்.

1911-ல் கதவு திறக்கவில்லை, 2022-ல் மூடவில்லை. படை இந்தத் தடவையும் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டது. இருநூறு பேர். முதுகில் இருந்த காற்று தீர்ந்த பிறகும் சிலர் வெளியே வராமல் மாடி மாடியாகத் தேடினார்கள் என்று கமிஷனர் சொன்னார். நான் அதை நம்புகிறேன், வணங்குகிறேன். ஆனால் அந்தக் கீழ்க் கதவின் ஸ்பிரிங் சரியாக இருந்திருந்தால், அன்று அவர்கள் ஒரே ஒரு வீட்டை நனைத்துவிட்டு, குழாயைச் சுருட்டி வைத்து, நிலையத்துக்குத் திரும்பி, ஆறிப்போன காப்பியைச் சுடவைத்துக் குடித்திருப்பார்கள்.